பாட்டுகளைச் சுத்தம் செய்த கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சின்ன ர, பெரிய ற விஷயத்தில் எனக்கென்று கொள்கை எதுவும் கிடையாது. பேனாவுக்கு எது வசதியோ அதைப் போட்டுவிடுவேன். பிழைகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்தாதீர்கள். அதை எங்கள் சர்ச் பங்கில் ஏற்கெனவே ஆளாளுக்குத் திருத்தி வைத்திருக்கிறார்கள். நான் கோயிலில் மயங்கி விழுந்ததாக ஒருவர் சொல்கிறார். புரொஜெக்டர் தீப்பிடித்ததாக இன்னொருவர் சொல்கிறார். இரண்டுமே நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

தெரியாத வேலையால் யாருக்கும் ஆபத்து வராது, ஏனென்றால் அதன் பக்கம் போகவே மாட்டோம். கால்வாசி தெரிந்த வேலையில் ஒரு தடவை பாராட்டு வாங்கிவிட்டால்தான் ஆபத்து. எனக்கு அப்படி ஒரு வேலை வாய்த்தது.

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறேன். புதிதாகச் செய்த பம்ப்பைத் தொட்டியில் இறக்கி ஓடவிட்டு, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சோதிப்பது என் பொறுப்பு. அந்த ஷெட்டுக்குள் இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். பக்கத்தில் நிற்பவரிடம் "தள்ளுங்க" என்று சொல்லக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஷெட்டுக்குள் நான் கத்துவேன். வெளியே வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். (பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது இறங்குகிற நிறுத்தம் வரை போய் நடந்து திரும்பிய ஆள் நான். சிரிக்காதீர்கள். உண்மை.)

முன்பெல்லாம் ரீடிங்கை நாங்களே எழுதுவோம். இப்போது மெஷினே கம்ப்யூட்டரில் எழுதிவிடுகிறது. அதற்கு லாக் ஃபைல் என்று பெயர். அந்த மெஷின் எழுதும் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! ஓர் எண்ணைப் போடும், ஒரு பர்லாங் தள்ளி அடுத்த எண்ணைப் போடும், பிறகு என்ன நினைக்குமோ, நாலைந்து வரிகளைக் காலியாக விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். அப்படியே ஆபீசுக்கு அனுப்பினால் அங்கே ரிப்போர்ட் போடுகிற புரோகிராம் படுத்துவிடும். அதனால் நான் ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி காலி இடங்களை ஒவ்வொன்றாக அழிப்பேன்.

எங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் கௌதம் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்ணா, இதையா தெனமும் கையில பண்றீங்க?"

"ஆமாங்க."

"விரல் தேஞ்சு போயிருமுங்ணா. நவுருங்க."

அவர் எழுதிக் கொடுத்ததுதான் ஷெல் ஸ்கிரிப்ட். கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக்கொடுக்கும் வேலைச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று கட்டளைகள்: வரியின் ஓரங்களில் இருக்கும் காலி இடத்தை வெட்டு, நடுவே பல இடம் காலியாக இருந்தால் ஒன்றாக்கு, முழுவரியும் காலியாக இருந்தால் அந்த வரியையே தூக்கு. கறுப்புத் திரையில் ஸ்கிரிப்டின் பெயரை அடித்து என்டர் தட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்திருந்தது. எண்கள் எல்லாம் அணிவகுத்து நிற்கின்றன! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சும்மாவே இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

"இது ஃபைலையே மாத்திப்போடுமுங்ணா," என்றார் கௌதம். "போனது போனதுதான், திரும்பி வராது. அந்த ஃபோல்டர்ல என்ன இருந்தாலும் வழிச்சுப்போடும். எதுக்கும் மொதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுப்போட்டு ஓட்டுங்க."

"சரிங்க," என்றேன். காப்பி எடுக்க வேண்டும் என்பது மனதில் பதிந்தது. மற்றது பதியவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எங்கே காலி இடத்தைப் பார்த்தாலும் கை பரபரக்கும். கோபியில் கட்டிக்கொடுத்த என் அக்கா லூர்து, மச்சான் தவறிய பிறகு என்னோடு சரவணம்பட்டியில்தான் இருக்கிறார். அவர் சமையலறையில் வரிசையாகக் காலி டப்பாக்கள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு மூட்டை கட்டி மேலே அட்டத்தில் ஏற்றிவிட்டேன்.

"எவன் கையை வெச்சது?" என்று அக்கா சத்தம் போட்டார்.

"காலியாத்தானேக்கா இருந்துச்சு?"

"கிறிஸ்துமஸ் முறுக்கை உந்தலையிலயா கொட்டி வெப்பேன்? காலி டப்பா காலியா இருக்கறதுக்குத்தாண்டா வாங்குனது!"

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்ற வதந்தி (வேறென்ன சொல்ல?) எங்கள் பங்குக் கோயிலுக்கும் போய்ச் சேர்ந்தது. பாட்டுப் புத்தகங்களைத் தூக்கிவிட்டுத் திரையில் பாட்டைக் காட்டலாம் என்று ஃபாதர் முடிவு செய்திருந்த நேரம். யாரோ கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் தாங்காது என்று லினக்ஸ் போட்டிருந்தார்கள். எங்கள் ஷெட்டில் இருப்பதும் அதுதான். பாடகர் குழுவை நடத்துகிற ஸ்டெல்லா டீச்சர் பாட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க, நான் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தினேன். மாதக்கணக்கில் குத்தினேன். ஒரு பாட்டை முடிப்பதற்குள் அது எனக்கு மனப்பாடமாகிவிடும்.

"நாலு வரிக்கு ஒருக்கா ஒரு வரி காலியா உடுங்க ஆரோக்கியம்," என்று டீச்சர் சொல்லியிருந்தார். விட்டேன். ஏன் விட வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டி வருமே. அழகுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கோயிலில் அதுதான் எனக்குப் பிடித்த இடம். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். நாலு வரி வரும், பாடுவார்கள், தட்டினால் அடுத்த நாலு வரி வரும். எல்லாக் கண்ணும் திரையில் இருக்கும், ஒரு கண்ணும் என் மேல் இருக்காது. மோட்சம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கேதான் ஜெசிந்தாவின் விஷயம் வருகிறது.

எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் நான் தரையைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். யார் வீட்டில் என்ன டைல்ஸ் என்று கேட்டால் சொல்வேன். ஓர் இடத்தில் பெண்ணே என்னிடம் பெயர் கேட்டது. அக்காதான் பதில் சொன்னார். இன்னோர் இடத்தில், "தம்பிக்குக் காது கேக்குமுங்களா?" என்று மெதுவாக விசாரித்தார்கள்.

கடைசியாக வந்தது காரமடை இடம். ஜெசிந்தா அங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தார். என்னைவிட மூன்று நான்கு வயது குறைவு. அனுப்பிய போட்டோவில் ஒரு கொய்யாச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுப்பவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கும் போட்டோவில் யாராவது அப்படிச் சிரிப்பார்களா? அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பம்ப்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற நேரத்தில் பையைத் தொட்டுப் பார்ப்பேன். இந்த வயதில்!

ஜெசிந்தாவின் அண்ணன் அந்தோணிக்குச் சத்தம் ஆகாது. "எங்க தம்பி ரொம்ப அமைதிங்க. ஊட்ல இருக்கறதே தெரியாதுங்க," என்று அக்கா சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஏற்பாடு இதுதான்: பங்குத் திருவிழா ஞாயிறு அன்று பூசைக்கு வருவார்கள். தூரத்திலிருந்தே என்னைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார்கள். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பஸ் ஏறிவிடுவார்கள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

"இது உட்டா வேற எடம் கெடையாது கண்ணு," என்றார் அக்கா. "நானும் பொண்ணு கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோயிட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். தூணுக்குப் பின்னாடி சும்மா உக்காந்திரு. அது போதும்."

சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஜெசிந்தா பார்க்கப்போகிற திரை பளபளவென்று இருக்க வேண்டாமா?

சனிக்கிழமை மாலை கோயில் ஆபீசில் லேப்டாப்பைத் திறந்தேன். திருவிழாவுக்கென்று ஸ்டெல்லா டீச்சர் தானே இயற்றிய புதுப் பாட்டைச் சேர்த்தேன். பிறகு பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பார்த்தால், எல்லாவற்றிலும் நாலு வரிக்கு ஒரு காலி வரி! எத்தனை நாளாக இந்த அழுக்கோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்கிரிப்ட் பென்டிரைவில் கூடவே இருந்தது. (அதை எப்போதும் கூடவே வைத்திருந்தேன். ஒரு பக்கம் போட்டோ, மறுபக்கம் பென்டிரைவ்.)

கௌதம் சொன்னதை மறக்கவில்லை. முதலில் எல்லாப் பாட்டுக்கும் ஒரு காப்பி எடுத்தேன். அந்தக் காப்பிகளைப் பத்திரமாக, பாட்டுகள் இருந்த அதே ஃபோல்டரிலேயே வைத்தேன். பிறகு என்டரைத் தட்டினேன்.

அசலும் சுத்தம். நகலும் சுத்தம்.

ஒரு பாட்டைத் திறந்து பார்த்தேன். கடலை மிட்டாய் மாதிரி இடைவெளி இல்லாமல் கெட்டியாக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு அழகு. வீட்டுக்குப் போய்ச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. வாழைத்தோரணம், பலூன், வெளியே பிரியாணி அண்டா. மூன்றாவது வரிசையில் அக்கா. பக்கத்தில் மீசையோடு ஒருவர், அவர்தான் அந்தோணி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மயில்கழுத்து நிறச் சேலை. மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை.

கீபோர்டு இசை ஆரம்பித்தது. ஃபாதர் வாசலில் இருந்து பவனியாகப் புறப்பட்டார். நான் பொத்தானைத் தட்டினேன்.

திரையில் யாரோ கடுகைக் கொட்டியது போல இருந்தது.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் புரோகிராமுக்குக் காலி வரிதான் கத்திரிக்கோல். காலி வரி வந்தால் அங்கே வெட்டி அடுத்த திரைக்குப் போகும். காலி வரியே இல்லாவிட்டால், முழுப் பாட்டையும் ஒரே திரையில் அடைக்க எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகும். புதுப் பாட்டுக்கோ ஏழு சரணம். டீச்சர் மனசு விட்டு எழுதியிருந்தார்.

முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். பின்வரிசைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். "ஏனுங்க, தெரையில எறும்பு ஏறிருச்சுங்களா?" என்று ஓர் அம்மா பக்கத்தில் விசாரித்தது எனக்கே கேட்டது. பொத்தானை மறுபடி தட்டினேன். அடுத்த பாட்டு வந்தது, அதுவும் கடுகு. பதறிப்போய் காப்பியைத் திறந்தேன். அப்போதுதான் காப்பியும் குளித்து முழுகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். என் காதுக்குள் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது.

பாட்டு இல்லாமல் பவனி நடக்குமா? ஃபாதர் நடுவழியில் நின்றுவிட்டார். கீபோர்டுக்காரர் ஆரம்ப இசையையே சுற்றிச் சுற்றி வாசித்தார். பழைய பாட்டுப் புத்தகங்கள் அலமாரியில், அலமாரிச் சாவி கோயில்பிள்ளையிடம், கோயில்பிள்ளை பிரியாணி அண்டாவிடம்.

ஸ்டெல்லா டீச்சர் மைக்கோடு தூணுக்குப் பின்னால் வந்தார்.

"ஆரோக்கியம், நீங்க அடிச்ச பாட்டுத்தான? மனப்பாடமா தெரியுமுல்ல? ஒவ்வொரு வரியாச் சொல்லுங்க, நாங்க பாடறோம்."

"இல்லீங்க டீச்சர்... நான் வந்துங்க..."

"எனக்கே ரெண்டு சரணத்துக்கு மேல ஞாபகம் இல்லீங்க! ஃபாதர் நிக்கறாரு பாருங்க!"

மைக்கைக் கையில் திணித்து, என்னைத் தூணுக்கு வெளியே தள்ளிவிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரையில் எதுவும் தெரியாததால் எல்லாக் கண்ணும் சும்மாதான் இருந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஷெட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். குரல் வந்தது. ஆனால் வந்தது ஷெட்டுக் குரல்.

"வறண்ட காட்டில் வந்து நின்ற வாய்க்காலே!"

மைக் கீச்சென்று அலறியது. மேலே இருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன. பிறகு, பாவம், நல்ல ஜனங்கள், பாடினார்கள்.

"வறண்ட காட்டில் வந்து நின்ற வாய்க்காலே..."

ஷெட்டில் ஒரு ரீடிங் முடிந்ததும் "அடுத்தது!" என்று கத்துவது என் பழக்கம். வாய் தானாகக் கத்தியது.

"அடுத்த வரி!"

எங்கள் ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். சொன்னதைச் செய்வார்கள்.

"அடுத்த வரீ..." என்று ராகம் போட்டுப் பாடினார்கள்.

"அது இல்லீங்க!" என்றேன், மைக்கிலேயே. நல்லவேளை, அதைப் பாடவில்லை. பாதிப் பேர் மட்டும் பாடினார்கள்.

நிறுத்தவும் தெரியவில்லை, திருத்தவும் தெரியவில்லை. நான் ஒவ்வொரு வரிக்கும் பிறகு "அடுத்த வரி" என்று கத்த, அவர்கள் அதையும் சேர்த்துப் பாட, மூன்றாவது சரணத்தில் தபேலாக்காரர் அதற்கென்று தனியாக ஓர் அடியே போட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பயத்தில் மூன்றாவது சரணத்தை மறுபடியும் சொன்னேன், அதையும் பாடினார்கள். ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டே பீடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய தோள் குலுங்கியது.

பூசையை ஆரம்பிக்கும் முன் மைக்கில் சொன்னார்: "ஆரோக்கியம், மீதிப் பாட்டையும் நீங்களே சொல்லிக் குடுத்துருங்க. கொஞ்சம் மெதுவாச் சொன்னாலும் போதுமுங்க. ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

பூசை முடிந்ததும் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா என் காலரைப் பிடித்து இழுத்து வந்து பலூன்களுக்குக் கீழே நிறுத்தினார். எதிரே அந்தோணி. முகம் கறுத்திருந்தது.

"ஏனுங்கக்கா, மாப்பிள்ளை அமைதின்னு சொன்னீங்க?"

"அமைதிதானுங்க... இன்னைக்கு என்னமோ..."

"காரமடைத் தேர் இழுக்கறப்பக்கூட இப்பிடி ஒரு சத்தம் நான் கேட்டதில்லீங்க. நாங்க பஸ் புடிக்கறோம்."

முடிந்தது என்று நினைத்தேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அப்போது மயில்கழுத்துச் சேலை அண்ணனுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"ஏனுங்க, அந்த மூணாவது சரணத்தை எதுக்குங்க ரெண்டு தரம் பாட வெச்சீங்க?"

என்னிடம்தான் கேட்கிறார். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தரையைப் பார்த்தேன். மண்தரை, டைல்ஸ் கிடையாது. வேறு வழியில்லாமல் நிமிர்ந்தேன்.

"பயத்துல மறந்துபோச்சுங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திறந்த வாய் மூடவில்லை. மெஷின் காலி இடம் விடுவது, கௌதம் ஸ்கிரிப்ட், மூன்று கட்டளைகள், காப்பி, கத்திரிக்கோல், கடலை மிட்டாய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நாற்பது வருஷத்தில் பேசாததை எல்லாம் அந்தப் பலூனுக்குக் கீழே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப காப்பியையும் சேத்துச் சுத்தம் பண்ணிப்போட்டீங்க?"

"ஆமாங்க."

"அதே எடத்துல வெச்சு?"

"பத்திரமா இருக்கட்டும்னுங்க."

ஜெசிந்தா பலூன் கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, காரமடைக்கு மத்தியானமும் பஸ் இருக்குதுல்ல?"

"இருக்குது. எதுக்கு?"

"இவிக ஊட்ல டீ குடிச்சுட்டுப் போலாமுங்க."

அந்தோணி மச்சான் அன்று டீயை எப்படிக் குடித்தார் என்பதை விவரிக்க என்னிடம் எழுத்து இல்லை. கஷாயம் குடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கௌதமிடம் சொன்னேன். வால்வைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உடனே ஸ்கிரிப்டைத் திறந்து, லாக் ஃபைலைத் தவிர வேறு எதையும் தொடாதபடி பூட்டுப் போட்டுக்கொடுத்தார். "பாட்டுக்கும் ஒண்ணு எழுதித் தாரேனுங்ணா. நாலு வரிக்கு ஒருக்கா அதுவே காலி வரி போட்டுரும். ஒரு நிமிச வேலை," என்றார்.

"வேண்டாங்க," என்றேன். "கையிலயே பண்ணிக்கறேன்."

"என்னங்ணா சொல்றீங்க, அத்தனை பாட்டையுமா?"

அத்தனை பாட்டையும்தான். கல்யாணம் நிச்சயமாகி, பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த ஞாயிறுகளில் காரமடையிலிருந்து அவர்களும் வருவார்கள். பூசை முடிந்ததும் கோயில் ஆபீசில் நான் லேப்டாப் முன்னால் உட்காருவேன். ஜெசிந்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக மெல்லப் பாடி, நிறுத்த வேண்டிய இடத்தில் "இங்க ஒண்ணு" என்பார். நான் ஒரு காலி வரி போடுவேன். அந்தோணி மச்சான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். இத்தனை நிதானமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கல்யாணத்தன்று ஃபாதர் வாக்குறுதியை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வரியைச் சொல்லிவிட்டேன். பிறகு எதிரே அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஃபாதர் காத்திருந்தார். கோயிலே காத்திருந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"அடுத்த வரி!"

தபேலாக்காரர் குறும்பு என்றுதான் எல்லோரும் திரும்பினார்கள். கத்தியது மணப்பெண்.

அவ்வளவுதான், கோயில் முழுக்க அதையே ராகத்தோடு பாடியது. நான் மீதியைக் கத்தித்தான் சொன்னேன். கல்யாண வீடியோவில் ஃபாதர் காதைப் பொத்திக்கொள்வது தெளிவாகத் தெரியும். இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டில் நான் பேச்சு வராமல் விழித்தால் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். போன வாரம் பேங்க் மேனேஜர் என்ன வேண்டும் என்று கேட்க, நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் டோக்கனோடு உட்கார்ந்திருந்த அந்தோணி மச்சான், சத்தமே ஆகாத மனுஷர், எழுந்து நின்று ராகம் போட்டார்.

எழுதி முடித்தது: ஞாயிறு, ஆகஸ்டு 18, 2024.